12 கோடிப் பேர், 16 கோடி பக்தர்கள்: ஜப்பானியக் கோவில்களின் கதை

ஜப்பான் அரசின் கலாசாரத் துறை ஆண்டுதோறும் மதங்களைப் பற்றிய புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது. 2022 டிசம்பர் நிலவரப்படி ஷின்டோவைச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 8.4 கோடி, பௌத்தர்கள் ஏறக்குறைய 7.1 கோடி. கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் சேர்த்தால் மொத்தம் 16 கோடியைத் தாண்டுகிறது. அப்போது நாட்டின் மக்கள்தொகையோ 12.5 கோடிதான். அதே மக்களிடம் கருத்துக்கணிப்பில் நேராகக் கேட்டால், பாதிக்கும் மேற்பட்டோர் "எனக்கு மதம் என்று எதுவும் இல்லை" என்கிறார்கள்.

இதோடு நம் கைப்பேசிக்கு வந்து சேர்பவற்றையும் வைத்துப் பாருங்கள். "ஷின்டோ பல்லாயிரம் ஆண்டுப் பழைய மதம்" என்கிறது ஒரு காணொளி. "ஜப்பானில் சரஸ்வதிக்கு ஊருக்கு ஊர் கோவில்" என்கிறது ஒரு வாட்ஸ்அப் செய்தி. "யாசுகுனி கோவிலுக்குப் பிரதமர் காணிக்கை, சீனா கண்டனம்" என்று செய்தித்தாளில் அவ்வப்போது ஒரு தலைப்பு. மூன்றும் மூன்று வேறு நாடுகளைப் பற்றியவை போலத் தோன்றும். ஆனால் 1868-க்கு முன் ஜப்பானியக் கோவில் எப்படி இருந்தது, அந்த ஆண்டில் அதற்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டால் மூன்றும் பிடிபட்டுவிடும்.

## முதலில் சில சொற்கள்

காமி என்றால் தெய்வம் என்று அகராதி சொல்லும். 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் மொதோஓரி நோரினாகா தந்த விளக்கம் இன்னும் பொருத்தமானது: வழக்கத்துக்கு மீறிய ஆற்றல் எதில் இருக்கிறதோ, எதைக் கண்டால் மெய்சிலிர்க்கிறதோ, அது காமி. மனிதராக இருக்கலாம், மலை, கடல், மரம், இடி, நரி என எதுவாகவும் இருக்கலாம். நல்லதாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 'எண்பது லட்சம் காமி' என்பது வழக்கு. நாம் 'முப்பத்து முக்கோடி தேவர்' என்பது போல, எண்ண முடியாத அளவு என்றுதான் பொருள். (சாமி, காமி என்று எதுகை பார்த்து உறவு கொண்டாட வேண்டாம். ஒலி ஒற்றுமை தற்செயல்.)

காமி இருக்கும் இடம் ஜின்ஜா. புத்தர் இருக்கும் இடம் தெரா. இந்தக் கட்டுரையில் ஜின்ஜாவைக் கோவில் என்றும் தெராவை விகாரை என்றும் சொல்லிக்கொள்வோம். கோவிலின் முன்னால் இரண்டு தூணும் குறுக்கு விட்டமுமாக நிற்கும் வாசலுக்கு தோரீ என்று பெயர். வைக்கோலைத் திரித்துச் செய்த கயிற்றில் வெள்ளைத் தாள் மடிப்புகள் தொங்கினால், அதற்கு உள்ளே இருப்பது புனிதமானது என்று அடையாளம். கருவறையில் பெரும்பாலும் சிலை இருக்காது. காமி வந்து தங்கும் பொருளாக முகம் பார்க்கும் கண்ணாடியோ வாளோ கல்லோ உறைமேல் உறையாகச் சுற்றப்பட்டு இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பூசாரிக்கும் இல்லை.

சில இடங்களில் கருவறையே இல்லை. நாரா மாநிலத்தின் ஓமீவா கோவிலில் தொழுகை மண்டபம் உண்டு. அதற்குப் பின்னால் மூன்று தோரீக்கள் ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றாக நிற்கும். அதற்கும் பின்னால் காடுதான். 467 மீட்டர் உயரமுள்ள மீவா மலை முழுவதும் காமியின் உடல் என்பதால் தனியாக ஓர் அறை தேவைப்படவில்லை. இன்று மலை ஏற அனுமதி உண்டு. பதிவு செய்து, 300 யென் கட்டி, கழுத்தில் வெள்ளைப் பட்டை அணிந்துகொண்டு ஏற வேண்டும். படம் எடுக்கக் கூடாது, மலையில் எதையும் சாப்பிடக் கூடாது. பயணக் குறிப்புகளில் "கலப்படமற்ற தொன்மையான ஷின்டோ" என்று எல்லோரும் காட்டும் இடம் இதுதான். இந்த மலையை நினைவில் வையுங்கள். கடைசியில் இங்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

## புத்தர் வந்த பிறகு கிடைத்த பெயர்

ஜப்பானின் பழைய நூல்கள் இரண்டு: 712-இல் முடிந்த கொஜிக்கி, 720-இல் முடிந்த நிஹோன் ஷோக்கி. 552-இல் கொரியாவின் பெக்சே நாட்டு மன்னர் பொன்முலாம் பூசிய புத்தர் சிலை ஒன்றை அனுப்பிவைத்தார் என்கிறது இரண்டாவது நூல். அரசவை இரண்டாகப் பிரிந்தது. சோகா குடும்பம் வணங்கலாம் என்றது. மோனோனோபே குடும்பம், நம் நாட்டுக் காமிகளுக்குக் கோபம் வரும் என்றது. சிலையை சோகாவிடம் கொடுத்து, நீ மட்டும் வணங்கிப் பார் என்றார் பேரரசர். கொள்ளைநோய் வந்தது. சிலையைக் கால்வாயில் வீசினார்கள். சண்டை அதோடு முடியவில்லை. 587-இல் போராக வெடித்து மோனோனோபே குடும்பம் தோற்றது.

இந்தக் கதையில் புத்தர் யார் என்று பாருங்கள். நிஹோன் ஷோக்கி அவரை 'வேற்று நாட்டுக் காமி' என்கிறது. அதாவது முதலில் அவரும் ஒரு காமிதான், ஊர்தான் வேறு.

'ஷின்டோ' என்ற சொல் முதன்முதலில் தென்படுவதும் அந்த நூலில்தான். யோமெய் பேரரசர் (585–587) "புத்தரின் அறத்தை நம்பினார், காமிகளின் வழியைப் போற்றினார்" என்று ஒரு வரி. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே வாக்கியத்தில். புத்தரின் அறம் என்று புதிதாக ஒன்று வந்த பிறகே, ஏற்கெனவே இருந்ததற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயரும் ஒரு மதத்தைக் குறித்ததாகத் தெரியவில்லை. நிறுவியவர், வேதநூல், உறுதிமொழி எதுவும் அதற்கு இல்லை. இருந்தவை இடங்களும் சடங்குகளும். 701-இன் சட்டத் தொகுப்பு இவற்றுக்கென்று ஓர் அரசு அலுவலகம் அமைத்தது. 927-இல் முடிந்த எங்கிஷிக்கி என்ற விதிமுறைத் தொகுப்பு, அரசின் காணிக்கை பெறும் 2,861 கோவில்களையும் 3,132 காமிகளையும் பட்டியலிட்டது. பழைய ஷின்டோ என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால், இந்த அரசுச் சடங்குப் பட்டியலைத்தான் காட்ட முடியும்.

## காமியும் புத்தரும் ஒன்றான மூன்று படிகள்

1. முதலில் காமிக்கே முக்தி தேவைப்பட்டது. பௌத்தக் கணக்கில் காமியும் பிறவிச் சுழலில் மாட்டிக்கொண்ட ஓர் உயிர். 763-இல் இன்றைய மியே மாநிலத்தின் தாதோ என்ற இடத்தில் காமி ஒருவர் மேல் இறங்கி அருள்வாக்குச் சொன்னாராம்: நெடுங்காலம் செய்த வினையால் இந்தக் காமி உடலில் சிக்கிக்கொண்டேன், இதை விட்டுவிட்டு புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைய விரும்புகிறேன் என்று. மங்கன் என்ற பிக்கு அங்கே ஒரு சிறு மண்டபம் கட்டி காமிக்காகப் பௌத்த மறைநூலான சூத்திரத்தை ஓத ஏற்பாடு செய்தார். சாமி வந்து ஆடுபவரிடம் குறை கேட்டுத் தீர்ப்பது போன்ற விஷயம்தான். இங்கே குறை சாமிக்கு. இப்படி, கோவில் வளாகத்துக்குள்ளேயே விகாரை எழுந்தது. அதற்கு ஜிங்கூஜி என்று பெயர்.

2. பிறகு காமி காவலர் ஆனார். அன்றைய தலைநகரான நாராவில் மாபெரும் வெண்கலப் புத்தர் வார்க்கப்பட்டபோது, கியூஷு தீவின் உசா கோவில் காமியான ஹச்சிமன் துணை நிற்பதாக அருள்வாக்கு வந்தது. 749-இல் அந்தக் காமியைத் தலைநகருக்கு எழுந்தருளச் செய்தார்கள். 781-இல் அவருக்கு 'மகா போதிசத்துவர்' (புத்தநிலையை நெருங்கியவர்) என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். 788-இல் சாய்ச்சோ என்ற துறவி கியோட்டோவை ஒட்டிய ஹியெய் மலையில் விகாரை அமைத்தபோது, அடிவாரத்து ஹியோஷி கோவிலின் காமி அதற்குக் காவல் தெய்வம் ஆனார். அந்தக் கோவிலின் முதன்மைக் காமிகளில் ஒருவர் மீவாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்.

3. கடைசியில் காமியே புத்தரின் வேடம் ஆனார். இந்தக் கொள்கைக்கு ஹொஞ்சி சுயிஜாக்கு என்று பெயர். மூல நிலம், பதிந்த சுவடு என்று பிரிக்கலாம். மூலம் புத்தர், ஜப்பானியருக்குப் புரியும் வடிவில் அவர் விட்ட சுவடு காமி. சூரியக் காமி அமதெராசுவின் மூலம் மகாவைரோசன புத்தர், ஹச்சிமனின் மூலம் அமிதாப புத்தர் என்று ஒவ்வொரு காமிக்கும் ஒரு ஜோடி வந்தது. இப்படி வடிவெடுத்த காமியை கொங்கென் என்றார்கள்.

இதை ஏதோ தத்துவம் என்று எண்ணினால் அதன் கனம் தெரியாது. கட்டடத்திலேயே இறங்கிய விஷயம் இது. ஹியோஷி கோவிலின் கருவறைகள் உயர்ந்த மேடைமேல் இருக்கும். தரைக்குக் கீழே குனிந்து நுழையும்படி ஓர் அறை உண்டு. கெதென், அதாவது கீழ்மாடம். மேலே காமி, நேர் கீழே அவருடைய மூலமான புத்தருக்குப் பூசை. வாசலில் நிற்கும் தோரீயும் சாதாரணத் தோரீ இல்லை. மேல் விட்டத்தின்மேல் முக்கோணக் கூரை ஒன்று, இரண்டு கை கூப்பியது போல இருக்கும்.

அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பெரிய கோவில்களில் நிலமும் வரவு செலவும் பிக்குகளிடம் இருந்தன. பூசாரிகள் அவர்களுக்குக் கீழே. ஹியெய் மலைப் பிக்குகளுக்கு அரசவையோடு ஏதாவது தகராறு வந்தால், ஹியோஷி காமியின் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு அப்போதைய தலைநகரான கியோட்டோவுக்குள் இறங்கிவிடுவார்கள். காமி உட்கார்ந்திருக்கும் சப்பரத்தின்மேல் யார் அம்பு விடுவது? காமோ ஆற்று வெள்ளம், பகடைக்காய், மலைப் பிக்குகள் இந்த மூன்றும் மட்டும் என் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை என்று ஷிரகாவா பேரரசர் நொந்துகொண்டதாகக் கதை உண்டு. காமியைத் தூக்கி வந்தவர்கள் புத்த பிக்குகள் என்பதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

## ஈசே: விலகி நின்ற கோவில்

எல்லாக் கோவிலும் இப்படியா என்றால், ஓர் இடம் தள்ளியே நின்றது. அமதெராசுவின் ஈசே கோவில்.

ஈசேயில் பௌத்தச் சொற்களை வாயால் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் மாற்றுச் சொல். 804-ஆம் ஆண்டு ஆவணத்திலும் எங்கிஷிக்கியிலும் பட்டியல் இருக்கிறது. புத்தர் 'நடுவில் இருப்பவர்'. சூத்திரம் 'சாயத்தாள்'. விகாரை 'ஓட்டுக்கூரை' (ஈசேயின் கூரை புல் வேய்ந்தது). மொட்டைத் தலைப் பிக்கு 'நீள்முடிக்காரர்'. பிக்குணி 'பெண் நீள்முடிக்காரர்'. நன்னூல் படித்தவர்கள் இதை உடனே மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று வகை பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். எழுதியவர்கள் சிரிக்காமல் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஈசேயின் இன்னொரு வழக்கம் உலகப் புகழ் பெற்றது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கோவிலைப் பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, காமியை மாற்றிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். முதல் முறை 690-இல். 62-ஆவது 2013-இல் நடந்தது. 63-ஆவது 2033-இல் வருகிறது. மரம் வெட்டும் சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன. செய்திகளில் "1,300 ஆண்டுகளாக இடைவிடாமல்" என்று எழுதுகிறார்கள். அது தவறு. 15-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் பணம் இல்லாமல் இது நூறாண்டுக்கு மேல் நின்றுபோனது. ஈசேயில் உள்கோவில், வெளிக்கோவில் என்று இரண்டு உண்டு. உள்கோவிலில் 1462-க்கு அடுத்தது 1585-இல்தான்.

மீண்டும் தொடங்க ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியவர்கள் யார்? கெய்கோயின் என்ற மடத்தின் பிக்குணிகள். செய்ஜுன் என்ற பிக்குணி திரட்டிய பணத்தில்தான் 1563-இல் வெளிக்கோவில் புதுப்பிக்கப்பட்டது. 'பிக்குணி' என்று சொல்லவே கூடாத கோவிலை நிமிர்த்தி நிறுத்தியவர்கள் பிக்குணிகள். தள்ளி நின்ற கோவிலின் நிலையே இதுதான்.

## சரஸ்வதியும் பிள்ளையாரும் எப்படிப் போனார்கள்

வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியத் தெய்வங்கள் பௌத்தச் சூத்திரங்களின் வழியாக, சீனாவையும் கொரியாவையும் கடந்து காவல் தேவர்களாகப் போனவர்கள். இந்துக் கோவில் ஒன்று அங்கே போய் நிலைத்தது என்று நினைக்கக் கூடாது. சரஸ்வதி பென்சைதென் ஆனார். குபேரன் என்ற வைசிரவணன் பிஷமோன்தென். முருகன் என்று நாம் வணங்கும் ஸ்கந்தன் இதாதென் ஆகி, ஜென் விகாரைகளில் சமையற்கட்டுக்குக் காவலாக நிற்கிறார். ஓடுவதில் மன்னன் என்று பெயர். வேகமாக ஓடுபவரை இன்றும் ஜப்பானியர் 'இதாதென்' என்பார்கள்.

விநாயகர் கங்கிதென். இரு யானைமுக உருவங்கள் தழுவி நிற்கும் வடிவம். கண்ணில் படவிட மாட்டார்கள். மூடிய மாடத்துக்குள் இருக்கும். படைப்பது முள்ளங்கி, சாராயம், அப்புறம் ஒரு பலகாரம். பருப்பு விழுதில் வாசனைப் பொருள்கள் சேர்த்து, மாவுக்குள் வைத்து, சுருக்குப்பை போல முடிந்து, நல்லெண்ணெயில் பொரிப்பது. மோதகத்தின் தூரத்து உறவு. சீனத்தின் வழியாக ஆயிரம் ஆண்டுக்கு முன் போய்ச் சேர்ந்தது.

இப்படிப் போனவர்கள் உள்ளூர்க் காமிகளோடு கலந்தார்கள். பென்சைதென் நீர் சார்ந்த பெண் காமிகளோடு ஒன்றானார். கங்கை முதலையான கும்பீரன் ஷிக்கோகு தீவில் கடலோடிகளின் காவலர் கொம்பிரா கொங்கென் ஆனார். புத்தர் தங்கிய ஜேதவனத்தின் காவலர் என்று சொல்லப்பட்ட, மாட்டுத்தலை கொண்ட கோசு தென்னோ கியோட்டோவில் கொள்ளைநோயை அடக்கும் தெய்வமானார். அந்தக் கோவிலும் சுற்றியுள்ள பேட்டையும் கியோன் என்ற பெயர் பெற்றன. ஜேதவனத்தின் ஜப்பானிய வடிவம் அது. 869-இல் நோய் தணிய 66 ஈட்டிக்கம்பங்கள் நட்டு வேண்டியதில் தொடங்கியது என்று சொல்லப்படும் கியோன் திருவிழா ஒவ்வொரு ஜூலையும் இன்னும் நடக்கிறது.

## பிறப்பு இங்கே, இறப்பு அங்கே

காமிக்கு ஆகாதது தீட்டு. அதிலும் சாவுத் தீட்டு. பிணத்தைத் தொட்டவர் கோவிலுக்குள் வர முடியாது என்றால் ஈமச்சடங்கை யார் செய்வது? பௌத்தம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. குழந்தை பிறந்தால் கோவில், அறுவடைக்குக் கோவில், செத்தால் விகாரை என்று பிரிவினை தானாக அமைந்தது.

இதை அரசு 17-ஆம் நூற்றாண்டில் சட்டமாக்கியது. 1637–38-இல் கிறிஸ்தவ விவசாயிகள் பெருமளவில் பங்கெடுத்த ஷிமபாரா கிளர்ச்சிக்குப் பிறகு, நான் கிறிஸ்தவன் இல்லை என்று ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு விகாரையில் பதிவு செய்து சான்று வாங்க வேண்டியதாயிற்று. விகாரை கிட்டத்தட்டக் கிராம நிர்வாக அலுவலகம் ஆகிவிட்டது. அதே மக்கள் ஊர்க் காமியின் எல்லைக்குள் வாழும் குடிகளாகவும் இருந்தார்கள். முதல் பத்தியில் வந்த 16 கோடிக்கு மூலம் இதுதான். அரசுத் தொகுப்பில் உள்ள எண்களைத் தருபவை மத அமைப்புகளே. கோவில் தன் எல்லையில் வசிப்பவர்களைக் குடிகளாக எண்ணும். விகாரை தன்னிடம் குடும்பக் கல்லறை உள்ள வீடுகளை எண்ணும். ஒரே பாட்டி இரண்டு கணக்கிலும் வருவார். அவரிடம் போய்க் கேட்டால் மதம் இல்லை என்பார். ஒன்றில் மட்டும் சேர்வது என்ற பழக்கமே அங்கு இருந்ததில்லை.

## 1868: கத்தி விழுந்த ஆண்டு

பேரரசர் பெயரளவில் இருக்க நாட்டை ஆண்டுவந்த தொக்குகாவா படைத்தலைவர் குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்து, பேரரசர் பெயரால் புதிய அரசு வந்தது. பேரரசருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அமதெராசுவின் வம்சம் என்பதிலிருந்து. அந்த அமதெராசு ஒரு இந்தியப் புத்தரின் வேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் புதிய அரசுக்கு எப்படி உதவும்? நோரினாகாவின் வழியில் வந்த 'நாட்டுக் கல்வி' அறிஞர்கள், சீன இந்தியப் பூச்சுக்கு அடியில் தூய்மையான பழைய வழி ஒன்று இருப்பதாக நூறாண்டாக எழுதி வந்தார்கள். போதாததற்கு, விகாரைகள் பழைய ஆட்சியின் பதிவு அலுவலகங்கள் வேறு.

1868 வசந்தத்தில் ஆணைகள் வரிசையாக வந்தன. கோவில்களில் பணிபுரியும் பிக்குகள் முடி வளர்த்து இல்வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். கொங்கென், கோசு தென்னோ போன்ற பௌத்தப் பெயர்கள் கொண்ட காமிகள் பற்றி விவரம் தர வேண்டும். கருவறையில் புத்தர் சிலை இருந்தால் மாற்ற வேண்டும். பௌத்த மணிகளையும் சேகண்டிகளையும் அகற்ற வேண்டும். 'பிரி' என்றுதான் ஆணை. 'உடை' என்று எங்கும் இல்லை.

ஹியோஷியில் அது சில நாள்கூடத் தாங்கவில்லை. பழைய நாள்காட்டியின் நான்காம் மாதம் முதல் நாள், ஜுகே ஷிகெகுனி என்ற பூசாரி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்து கருவறைச் சாவிகளைக் கேட்டார். மலை விகாரை மறுத்தது. பூட்டை உடைத்து, உள்ளே இருந்த சிலைகளையும் சூத்திரச் சுருள்களையும் பூசைப் பொருள்களையும் வெளியே குவித்து எரித்தார்கள். பல நூற்றாண்டுகளாகப் பிக்குகளுக்குக் கீழே கைகட்டி நின்ற பூசாரிகளின் ஆத்திரம் அது. சில நாளில் அரசு, முரட்டுத்தனம் வேண்டாம் என்று எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. எச்சரிக்கை எல்லா இடத்திலும் எடுபடவில்லை. தெற்கே சத்சுமா பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விகாரைகள் மூடப்பட்டன.

வேறு இடங்களில் தீ இல்லாமலே வேலை முடிந்தது. நாராவின் கொஃபுகு விகாரைப் பிக்குகள் மொத்தமாகப் பக்கத்துக் கசுகா கோவிலின் பூசாரிகளாக மாறினார்கள். கியோன் கோவில் யாசகா ஆனது. கோசு தென்னோ இருந்த இடத்துக்கு கொஜிக்கியில் வரும் சுசானோவோ வந்தார். கொம்பிரா கொங்கென் கொதோஹிரா கோவில் ஆனது. கமாகுராவின் ஹச்சிமன் கோவிலில் இருந்த பெரிய பகோடாவை 1870-இல் பிரித்துப்போட்டார்கள். கடலுக்குள் சிவப்புத் தோரீ நிற்கும் இட்சுகுஷிமா படத்தை நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். 1868 வரை அது சரஸ்வதியின் புகழ்பெற்ற இடங்களில் ஒன்று. பென்சைதென் சிலையைப் பக்கத்து விகாரைக்கு அனுப்பிவிட்டார்கள். 1407-இல் கட்டிய ஐந்தடுக்குப் பகோடா மட்டும் நகர முடியாமல் அங்கேயே நிற்கிறது, இப்போது ஷின்டோ கோவிலின் சொத்தாக.

அப்புறம் மீவா. தூய்மையான தொன்மை என்று காட்டப்படும் அந்த மலையடிவாரத்திலும் ஒரு ஜிங்கூஜி இருந்தது, பெயர் ஓமீவாதெரா. அதன் மூலவரான பதினோரு முகக் கன்னோன், அதாவது அவலோகிதர், எட்டாம் நூற்றாண்டுச் சிலை. 1868-இல் அதைப் பக்கத்து ஷோரின் விகாரைக்கு மாற்றினார்கள். இன்று அது தேசியச் செல்வம். விகாரையின் மூலமண்டபத்தை இடிக்காமல் அப்படியே ஒரு ஷின்டோ கோவிலாக்கிவிட்டார்கள். மீவாவில் இன்று நாம் காணும் அந்தத் தூய்மைக்கு வயது ஏறக்குறைய 160 ஆண்டு.

## இன்றைய செய்திகளில் குழம்பும் இடங்கள்

1. யாசுகுனி. தோக்கியோவில் உள்ள கோவில். 1869-இல் வேறு பெயரில் அமைக்கப்பட்டு, 1879-இல் இந்தப் பெயர் பெற்றது. பழங்காலக் கோவில்களோடு இதற்குத் தொடர்பு குறைவு. அரசுக்காகப் போரில் இறந்த ஏறக்குறைய 24.6 லட்சம் பேரின் பெயர்கள் காமிகளாகப் பட்டியலில் உள்ளன. உடலோ சாம்பலோ இல்லை. 1978-இல், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய போர்க்குற்ற விசாரணையில் முதல் வகைக் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரின் பெயர்களையும் சேர்த்தார்கள். சீனாவும் கொரியாவும் கோபப்படுவது அதனால்தான். பேரரசர் கடைசியாக அங்கே போனது 1975-இல்.

2. "அரசு மதம்." 1871-இல் கோவில்கள் 'நாட்டின் சடங்குகள்' என்று அறிவிக்கப்பட்டன. மதம் என்ற பெயரே வேண்டாம் என்பதுதான் அதன் உள்நோக்கம். சடங்கு என்றால் எல்லோரையும் கட்டாயப்படுத்தலாம். 1945 டிசம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இந்தப் பிணைப்பை அறுத்தது. 1946-இல் கோவில்கள் தனியார் கூட்டமைப்பாக இணைந்தன. இன்று ஏறக்குறைய 80,000 கோவில்கள் இருக்கின்றன.

3. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிவது. பழங்கால வழக்கம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எல்லாக் கோவிலுக்கும் பொதுவான முறையாக அது பரவியது 1868-இல் காமியையும் புத்தரையும் பிரித்த பிறகுதான். இசுமோ கோவிலில் இன்றும் நான்கு தட்டு. விகாரையில் தட்டவே கூடாது.

4. ஷின்டோ திருமணம். வெள்ளைக் கிமோனோவும் கோவில் பூசாரியும் பழமையின் அடையாளம் போலத் தெரியும். 1900-இல் பட்டத்து இளவரசரின் திருமணம் காமி முன்னிலையில் நடந்த பிறகே மக்களிடம் பரவியது.

5. தோரீ நின்றால் கோவில் என்ற விதி. நாராவுக்கு அருகே இகோமா மலையில் ஹோசான் விகாரை இருக்கிறது. விநாயகரான கங்கிதெனுக்குப் பேர்போன இடம். வாசலில் பெரிய தோரீ. தொயோகாவாவின் இனாரி (நெல்லின் காமி) கோவில் என்று எல்லோரும் சொல்வது உண்மையில் ஒரு ஜென் விகாரை. மறுபக்கம், தன்சான் கோவிலில் மரத்தாலான பதின்மூன்று அடுக்குப் பகோடா நிற்கிறது. 1868 வரை அது விகாரை.

6. தோரீ என்பது நம் 'தோரணம்' என்ற அடித்துப் பேசல். ஆய்வாளர்கள் இதில் உடன்படவில்லை. பென்சைதென் விஷயத்தில் சூத்திரம், ஆண்டு, வழி எல்லாம் கையில் இருக்கின்றன. அதற்கு ஈடான சான்று தோரீக்கு இல்லை.

ஹியோஷியில் கீழ்மாடங்கள் இன்னும் இருக்கின்றன. கூப்பிய கை போன்ற அந்தத் தோரீயும் வாசலில் நிற்கிறது. ஆண்டுதோறும் மே 26 அன்று ஹியெய் மலைப் பிக்குகள் இறங்கி வந்து, காமியின் முன் அமர்ந்து சூத்திரம் ஓதிவிட்டு மலை ஏறுகிறார்கள். பக்கத்தில் இருந்து அவர்களை வரவேற்பவர்கள் கோவில் பூசாரிகள்.